இரண்டு தூதர்களும் உன் இரண்டு காதுகளும்

அம்மாடி,

நீ ஹாலில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு எடை பார்க்கும் மெஷின் மேல் ஏறி நிற்கிறாய். பெட்டியோடு ஒரு எடை, பெட்டி இல்லாமல் ஒரு எடை, கழித்தால் பெட்டியின் எடை. "அப்பா, நம்பர் சொல்லுங்க, என்னால குனிய முடியல" என்று கூப்பிட்டாய். முதல் எடையைச் சரியாகத்தான் சொன்னேன். பெட்டியை இறக்கிவிட்டு நீ மட்டும் நின்றபோது, பிள்ளை மனசு நோகக்கூடாதே என்று இரண்டு கிலோ குறைத்துச் சொன்னேன். விளைவு, பெட்டி இரண்டு கிலோ கூடிவிட்டது. நீ பருப்புப் பொடியையும் உன் அம்மா வறுத்துக் கட்டிய மிளகாயையும் எடுத்து வெளியே வைத்துவிட்டாய். எல்லாவற்றையும் திரும்ப உள்ளே வை. உன் தகப்பன் ராஜதந்திரம் செய்தால் இப்படித்தான் முடியும். அன்றும் இப்படித்தான் முடிந்தது. அதைச் சொல்லத்தான் கராஜில் ஃப்ரீசரின் மேல் பேப்பரை வைத்து, சனிக்கிழமை காலையில், குளிக்காமல் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

திங்கட்கிழமை நீ வெலிங்டனில் வெளியுறவு வேலைக்கான பாதுகாப்புச் சோதனைப் படிவத்தைக் கொடுக்க வேண்டும். செவ்வாய்க்கிழமை ஒரு அதிகாரி என்னோடு போனில் பேசப்போகிறார். வியாழக்கிழமை அந்த அதிகாரி அம்மாள் கூப்பிட்டு, மிகவும் மரியாதையாக, "பயப்பட ஒன்றுமில்லை, சும்மா குடும்பத்தைப் பற்றிக் கொஞ்சம் பேச வேண்டும்" என்றார். பயப்பட ஒன்றுமில்லை என்று ஒருவர் வலியச் சொன்னால் எனக்கு அப்போதுதான் பயமே வரும். அன்றிலிருந்து நான் ஒழுங்காகச் சாப்பிடவில்லை. ஒழுங்கில்லாமல் ஒரு டின் பிஸ்கட்டை முடித்துவிட்டேன். நான் வேலை பார்க்கும் எல்லர்ஸ்லி ஆபீசில் ஒரு கடிதத்தை மூன்று முறை தப்பாக அடித்து, "ஆர் யூ ஓகே?" என்று கேட்ட மேனேஜரிடம் மூட்டுவலி என்றேன். விரலைக் காட்டினேன். எனக்கு எந்த விரலிலும் வலி கிடையாது.

என் பயத்துக்குக் காரணம் நீ எழுதியிருக்கும் ஒரு வரி. வியாழக்கிழமை பிரிண்டரில் உன் தாள்கள் கிடந்தன. எடுத்து அடுக்கத்தான் போனேன், படித்துவிட்டேன். "என் தந்தை போர்க்காலத்தில் ஒரு தூதரின் நாட்குறிப்பைத் தட்டச்சு செய்தவர். வாயைக் காப்பது எப்படி என்பதை நான் கற்றது அவரிடம்தான்" என்று ஆங்கிலத்தில் அழகாக எழுதியிருந்தாய். வாயைக் காப்பது! என்னிடமிருந்து! கோயிலில் செருப்பு விட்டு உள்ளே போவதற்குள் மூன்று பேரிடம் நான்கு விஷயம் சொல்கிற என்னிடமிருந்தா? உன் அம்மாவிடம் காட்டினேன். அவள் துணி மடிப்பதை நிறுத்தவில்லை. "அவ உங்கள நம்பி எழுதியிருக்கா. நீங்க என்ன செய்யப் போறீங்கன்னு நீங்கதான் முடிவு பண்ணணும்" என்றாள். கல்யாணமான நாளிலிருந்து அவள் எனக்குக் கொடுத்த தண்டனைகளில் இதுதான் பெரியது.

உனக்கு நினைவிருக்கும், மறக்கிற விஷயமா அது. பல்கலைக்கழக முதல் வருட மதிப்பெண்ணுக்கு மருத்துவப் படிப்பில் இடம் கிடைக்கவில்லை என்று காரில் என்னிடம் மட்டும் சொன்னாய். "அம்மாகிட்ட நானே சொல்றேன்ப்பா" என்றாய். நான் தலையாட்டினேன். கோயில் வாசலில் உன்னை இறக்கிவிட்டு காரை நிறுத்தி வந்தேன். நீ பிரகாரம் சுற்றி வருவதற்குள் மூன்று மாமிகள் உன் கையைப் பிடித்துக்கொண்டு, "கவலப்படாதம்மா, நர்சிங்கும் நல்ல படிப்புதான்" என்று ஆறுதல் சொல்லிக்கொண்டிருந்தார்கள். நீ அழவில்லை. என்னைப் பார்த்தாய், அவ்வளவுதான். அதற்குப் பிறகு உன் வாழ்க்கைச் செய்திகள் எனக்கு மற்றவர்களோடு சேர்த்துத்தான் வந்தன. வெளியுறவு வேலை கிடைத்ததும் அப்படித்தான், எந்த ஊருக்குப் போகப்போகிறாய் என்பதும் அப்படித்தான். நான் புகார் சொல்லவில்லை. தகுதிக்கேற்ற மரியாதைதான் கிடைத்திருக்கிறது.

ஆனால் எல்லா ஊரையும் விட்டு அந்த ஊருக்கா போக வேண்டும்? நீ பிறந்த ஊர். சுற்றிலும் யார் யாரோ அடித்துக்கொள்ள, நடுவில் உட்கார்ந்து இரண்டு பக்கத்துக்கும் கட்டுத்துணியும் மாநாட்டு அறையும் கொடுக்கிற நாடு. அப்போது ஒரு சண்டை நடந்தது, இப்போது வேறொரு சண்டை நடக்கிறது. அந்த ஊர் அதே ஏரிக்கரையில், அதே சுத்தமான டிராம் வண்டிகளோடு, யார் பக்கமும் சேராமல் இருக்கிறது. எந்த நாடுகள் என்று நான் எழுத மாட்டேன். அந்த ஊரில் ஒரு தூதரகத்தில் வேலைக்குச் சேர்ந்தபோது, எதையும் வெளியே சொல்லமாட்டேன் என்று ஒரு தாளில் கையெழுத்துப் போட்டேன். அதில் மிச்சமிருப்பதையாவது காப்பாற்றுகிறேன்.

கதையை நீ பாதி அறிவாய். தட்டச்சில் ஹையர், சுருக்கெழுத்தில் ஹையர், கையில் வேறெதுவும் கிடையாது என்ற நிலையில், உன் அம்மாவுக்கு அந்த ஊர் மருத்துவமனையில் பிசியோதெரபி வேலை கிடைத்ததால் பின்னாலேயே போய் ஒட்டிக்கொண்டவன் நான். சண்டையிலிருந்த இரண்டு நாடுகளில் ஒன்றின் தூதர் ஆங்கிலச் சுருக்கெழுத்து தெரிந்த ஆள் தேடினார். அவரைப் பெரியவர் என்றே சொல்கிறேன். கம்ப்யூட்டரை நம்பமாட்டார். தினமும் காலை ஏழரைக்கு ஜன்னல் பக்கம் திரும்பி நின்று, முதல் நாள் நடந்ததைச் சொல்வார். நான் எழுதிக்கொண்டு, ஒன்பது மணிக்குள் இரண்டு பிரதி அடித்துக் கொடுத்து, கார்பன் தாளை அவர் கண்முன்னால் எரிக்க வேண்டும். அவர் நாட்குறிப்பில் முக்கியமானது எதுவும் இருக்காது. முக்கியமான ஆளைச் சந்தித்த நாளில் வானிலை மட்டும் இருக்கும். இரண்டு வரி மழையைப் பற்றிச் சொன்னாரென்றால் நேற்று ஏதோ பெரிதாக நடந்திருக்கிறது என்று நான் புரிந்துகொள்வேன். நீயும் இனிமேல் டைரி எழுதுவாய். அவரைப் போல எழுது. என்னைப் போல வாசிக்கிறவன் ஒருவன் எப்போதும் பக்கத்தில் இருப்பான்.

எதிர்நாட்டின் தூதர் அதே தெருவில், பதினைந்து வீடு தள்ளி இருந்தார். இருவரும் ஒரே கடையில் ரொட்டி வாங்கினார்கள். ஒருவர் உள்ளே இருந்தால் மற்றவர் வெளியே ஷூ நாடாவைக் கட்டுவதுபோல் குனிந்து நிற்பார். வணக்கம் சொன்னாலே அவரவர் நாட்டில் தலை போகும். அந்த எதிர்த்தூதருக்கு வலது தோளில் தீராத வலி. வாரம் இருமுறை மருத்துவமனைக்கு வருவார். அவர் தோளைத் திருப்பிச் சரிசெய்தது யார் தெரியுமா? உன் அம்மா! என் முதலாளி ஒரு பக்கம், அவள் நோயாளி இன்னொரு பக்கம். அந்த ஊர் முழுக்கத் தேடினாலும் இரண்டு பேரும் சந்தேகமில்லாமல் வந்துபோகக்கூடிய ஒரே வீடு, மூன்றாவது மாடியில் சாம்பார் வாசனையோடு இருந்த நம் வீடுதான். பெரியவர் இதை ஆறு மாதம் முன்பே கண்டுபிடித்து வைத்திருந்தார் என்பது எனக்குப் பிறகுதான் புரிந்தது.

ஒருநாள் டிக்டேஷன் முடிந்ததும், "உங்கள் வீட்டில் குழந்தைக்கு ஏதாவது சடங்கு வருகிறதா? உங்கள் ஆட்களிடம் எப்போதும் ஏதாவது இருக்குமே" என்றார். உனக்கு அப்போது பதினோரு மாதம். காது குத்த வேண்டும் என்றேன். எப்படிக் குத்துவார்கள் என்று கேட்டார். தாய்மாமன் மடியில் உட்காரவைத்து என்றேன். தாய்மாமன் எங்கே? மதுரையில், விசா கிடைக்காமல், கடும் கோபத்தில். பெரியவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே, "அப்படியானால் ஒரு மடி காலியாக இருக்கிறது" என்றார்.

உன் அம்மா முதலில் ஒத்துக்கொள்ளவில்லை. "என் பேஷன்ட்டப் பத்தி உங்க ஆபீஸ்ல பேசினீங்களா?" என்று கேட்டாள். நான் பேசவில்லை, சத்தியமாக அன்று நான் பேசவில்லை. கடைசியில், "மத்த பேஷன்ட்டுக்குக் கொடுக்கற மாதிரி அவருக்கும் பத்திரிகை கொடுப்பேன். வர்றதும் வராததும் அவர் இஷ்டம்" என்றாள். நம் வீட்டில் ஒரு தூதர் இருந்தார் என்றால் அது அவள்தான்.

பத்திரிகை கொடுத்த மறுநாள் மாலை எதிர்த்தூதரின் செயலர், இருபத்தைந்து வயதுப் பையன், நம் வீட்டுக் கதவைத் தட்டினான். ஒல்லியாக, காது பெரிதாக, எப்போதும் பசியோடு இருப்பான். வந்தவனை வெறும் வயிற்றோடு அனுப்ப முடியாதே, தயிர்சாதமும் மோர்மிளகாயும் வைத்தேன். மிளகாயைக் கடித்துவிட்டுக் கண்ணில் தண்ணீர் வர, "இன்னொன்று கிடைக்குமா?" என்றான். அன்றிலிருந்து நான் வைத்த பெயர் மோர்மிளகாய். நானும் அவனும் மூன்று மாலை உட்கார்ந்து பேசினோம், அம்மாடி, உலகத்தில் எந்த ஒப்பந்தத்துக்கும் அப்படிப் பேசியிருக்க மாட்டார்கள். யார் முதலில் வருவது? முதலில் வருகிறவர் காத்திருந்ததாக ஆகிவிடும். பதினோரு மணிக்கு ஒருவர் லிஃப்டில் வந்து வாசல் மணி அடிக்க, அதே நேரம் இன்னொருவர் பின்படியில் ஏறிச் சமையலறைக் கதவைத் தட்டுவது என்று முடிவானது. மடி யாருடையது? ஒரு காது ஒருவர் மடியில், மறு காது மற்றவர் மடியில். எந்தக் காது முதலில்? இங்கேதான் மோர்மிளகாய் பிடிவாதம் பிடித்தான். "எங்கள் தூதருக்கு இரண்டாவது காது என்றால் எங்கள் தலைநகரில் ஏற்கமாட்டார்கள்" என்றான். "முதல் காதில் குழந்தைக்கு என்ன நடக்கப்போகிறது என்று தெரியாது, சும்மா இருக்கும். இரண்டாவது காதில்தான் உதைக்கும். முதல் காது உங்களுக்கே" என்றேன். அவன் யோசித்து, நோட்டில் எழுதிக்கொண்டான். சீர் வரிசையில் சண்டை வரக்கூடாதென்று இருவரும் ஒரே கடையில் ஒரே அளவு வெள்ளிக் கிண்ணம் வாங்கி வந்தார்கள்.

நடந்தது நான் சொன்னதற்கு நேர்மாறு. முதல் காதிலேயே நீ ஊரைக் கூட்டினாய். தோள் வலிக்காரரின் வயிற்றில் ஓங்கி உதைத்தாய். அவர் வலியை மறந்து சிரித்தார். இரண்டாவது காதில் களைத்துப்போய் பெரியவரின் டையை வாயில் வைத்துக்கொண்டாய். உன் அம்மாவின் தோழி, ஒரு நர்ஸ், இரண்டு காதையும் கண் இமைப்பதற்குள் முடித்துவிட்டாள். அதன்பிறகு நீ விட்டு விட்டு அழுத கால் மணி நேரத்தில் பால்கனிக் கதவருகே இருவரும் பேசினார்கள். என்ன பேசினார்கள் என்று எனக்குக் கேட்கவில்லை. கேட்க மிகவும் முயன்றேன். புறப்படும்போது எல்லோருக்கும் கொடுப்பதுபோல் தேங்காயும் வெற்றிலையும் போட்ட தாம்பூலப் பை கொடுத்தோம். தோள் வலிக்காரர் எடுத்துப்போன பையில் தேங்காய்க்குக் கீழே ஒரு உறை இருந்தது. அதற்குள் என்ன இருந்ததென்று எனக்குத் தெரியும், ஏனென்றால் முந்தின நாள் அதை அடித்தவன் நான். இரண்டு பக்கமும் பிடித்து வைத்திருந்த சிப்பாய்களில், காயத்தோடும் நோயோடும் கிடந்தவர்களின் பெயர்ப் பட்டியல். முதலில் இவர்களை மாற்றிக்கொள்வோம், மற்றதைப் பிறகு பேசுவோம் என்பதுதான் உன் காதுகுத்தில் நடந்த பேச்சு. மறுநாள் காலை பெரியவர் சொன்ன நாட்குறிப்பு: "அலுவலக ஊழியர் ஒருவர் வீட்டுக் குழந்தையின் சடங்குக்குப் போனேன். குழந்தை நிறைய அழுதது. பிற்பகலில் மழை." பல வருடம் கழித்துப் புத்தகமாக அச்சான அவர் நாட்குறிப்பிலும் அப்படியே இருக்கிறது. அந்தக் குழந்தை நீதான் என்று கண்டுபிடித்துச் சாப்பாட்டு மேசையில் குதித்தாயே, அந்தப் பக்கம்.

இனி நீ அறியாத பாதி. போட்டோ கூடாது என்று பெரியவர் தெளிவாகச் சொல்லியிருந்தார். ஆனால் காதுகுத்துக்குப் போட்டோ இல்லையென்றால் எப்படி? உன் மாமன் நாளைக்கு, என் மடியில் உட்கார வேண்டிய பிள்ளையை யார் மடியில் உட்காரவைத்தாய் என்று கேட்டால் நான் என்ன காட்டுவேன்? கையடக்கக் கேமராவில் ஒன்றே ஒன்று எடுத்தேன். நடுவில் வாயைப் பிளந்துகொண்டு நீ, இரண்டு பக்கமும் இரண்டு தூதர்கள். யாரும் கவனிக்கவில்லை. கழுவி வாங்கி ஆல்பத்தில் ஒட்டினேன். வீட்டுக்கு வருகிறவர்களுக்குக் காப்பி கொடுக்கும்போது மடியில் ஆல்பத்தையும் வைப்பது நம் ஜனங்களின் பழக்கம். கல்யாண ஆல்பத்தைப் பார்க்காமல் யாரையும் நாம் எழுந்துபோக விட்டதில்லை. இரண்டு வாரம் கழித்து, ஊறுகாயும் உளுந்தும் விற்கிற கடைக்காரர் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒருவரைக் கூட்டிவந்தார். "நம்ம திருச்சிப் பக்கம் சார், இங்க டிராவல் ஏஜென்சி வெச்சிருக்கார்" என்று அறிமுகம் செய்துவிட்டுக் கடைக்குத் திரும்பிவிட்டார். வந்தவர் இனிமையாகப் பேசினார். உன்னைத் தூக்கிக் கொஞ்சினார். உன் அம்மா ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தாள். காப்பி கொடுத்தேன். ஆல்பத்தையும் கொடுத்தேன்.

"சார், பாப்பாவ வெச்சிருக்கறது யாரு, வெள்ளக்கார தாத்தாக்களா?"

இந்த இடத்தில் ஒரு மனிதன் ஆமாம் என்று சொல்லிவிட்டு முறுக்கை எடுத்து நீட்டியிருக்கலாம். நான் குரலைத் தாழ்த்திக்கொண்டேன். "சாதாரண ஆளுங்க இல்ல சார், ரெண்டு பேரும் யார் தெரியுமா..." என்று ஆரம்பித்தேன். பதவி, நாடு, பின்படி, முன்வாசல், யாருக்கு எந்தக் காது, எல்லாம் சொன்னேன். அவர் "அப்படியா சார், அப்படியா சார்" என்று கேட்கக் கேட்க எனக்கு உற்சாகம். எங்கோ மதுரையில் டைப் அடித்துக்கொண்டிருந்தவன் வீட்டில் இரண்டு நாட்டுத் தூதர்கள் பாயசம் குடித்தார்கள் என்பதை யாரிடமாவது சொல்லாவிட்டால் அது நடந்ததாகவே எனக்குத் தோன்றவில்லை, அம்மாடி. எல்லாம் சொல்லி முடித்துவிட்டு, "யார்கிட்டயும் சொல்லிடாதீங்க சார்" என்றேன். "சேச்சே" என்றார். பட்டியலைப் பற்றி மட்டும் சொல்லவில்லை. அந்த ஒரு புண்ணியத்தைப் பல வருடம் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தேன்.

பத்து நாளில் எதிர்நாட்டுப் பத்திரிகையில் செய்தி வந்தது: "நம் வீரர்கள் செத்துக்கொண்டிருக்கும்போது நம் தூதர் எதிரியோடு குழந்தை விழாவில் விருந்து சாப்பிடுகிறார்." தோள் வலிக்காரர் மருத்துவமனைக்கு வருவது நின்றது, பரிமாற்றப் பேச்சும் நின்றது. மோர்மிளகாயைத் திரும்பக் கூப்பிட்டுக்கொண்டார்கள். புறப்படுவதற்கு முன்னால் பின்படியில் ஏறி வந்து, உன் அம்மாவிடம் ஒரு நிமிடம் பேசினான். "உங்கள் கணவரிடம் சொல்லுங்கள், முதல் காது எங்களுக்கு வாங்கித் தந்ததற்கு நன்றி" என்றானாம். அவனுக்கு என் மேல் சந்தேகமே இல்லை. அவன் அங்கே என்ன ஆனான் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. திருச்சிக்காரர் டிராவல் ஏஜென்சியை மூடிவிட்டுப் போய்விட்டார் என்று கடைக்காரர் சொன்னார்.

பெரியவர் என்னைக் கூப்பிட்டு, "படம் ஏதாவது எடுத்தீர்களா?" என்று மட்டும் கேட்டார். மறுநாள் படத்தையும் நெகடிவையும் கொண்டுபோய்க் கொடுத்தேன். கார்பன் தாள்களை எரிக்கிற அதே தட்டில் தானே எரித்தார். பிறகு வழக்கம்போல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். நான் பென்சிலை எடுத்தேன். "தகவல் வெளியே போனது என் தவறு. யார் மூலம் என்று நான் விசாரிக்கப்போவதில்லை" என்றார். நான் எழுதினேன். "படித்துக் காட்டுங்கள்" என்றார். படித்துக் காட்டினேன். குரல் நடுங்காமல் படித்தேன் என்பதுதான் இன்றும் எனக்கு அருவருப்பாக இருக்கிறது. அப்போது "ஐயா, நான்தான்" என்று சொல்ல நேரமிருந்தது. சொல்லவில்லை. வேலை போய்விடும், விசா போய்விடும், வீட்டில் கைக்குழந்தை, இப்படி ஆயிரம் காரணம் இருந்தது. ஒன்பது மணிக்குள் இரண்டு பிரதி சுத்தமாக அடித்துக் கொடுத்தேன். நீ போன மாதம் அந்த வரியைப் படித்துவிட்டு, புத்தகத்தை மூடி, "வாட் எ ஜென்டில்மேன்! அப்பா, இவர்கிட்டயா வேலை பார்த்தீங்க?" என்று கேட்டாய். "ஆமா" என்று சொல்லிவிட்டு நான் ரசம் ஊற்றிக்கொண்டேன்.

இதோடு முடிந்திருந்தால் உன்னிடம் சொல்லாமல் செத்துப்போயிருப்பேன். எட்டு மாதம் கழித்து, வேறு ஊரில், வேறு ஆட்கள் மூலம் அந்தப் பரிமாற்றம் நடந்தது. அதற்கான பட்டியலையும் நான்தான் அடித்தேன். தட்டச்சுக்காரனுக்கு மனசு மறந்தாலும் விரல் மறக்காது. முதல் பட்டியலில் கஷ்டமான எழுத்துக்கூட்டலோடு சில பெயர்கள் இருந்தன, நின்று நின்று அடித்தவை. இரண்டாவது முறை அடிக்கும்போது விரல் அந்தப் பெயர்களுக்காகத் தயாரானது, பெயர்கள் வரவில்லை. பட்டியல் இந்த முறை ஒரு பக்கத்தின் பாதியிலேயே முடிந்துவிட்டது. மற்றவர்கள் குணமாகிவிட்டார்களோ, வேறு பட்டியலில் இருக்கிறார்களோ என்று பெரியவரிடம் கேட்கவில்லை. அவர்கள் சாவுக்கு என் ஆல்பம்தான் காரணம் என்று யாரும் நிரூபிக்க முடியாது. இல்லை என்றும் யாரும் நிரூபிக்க முடியாது. அடுத்த வருடம் நியூசிலாந்துக்கு விண்ணப்பம் போட்டேன். இங்கே வந்தபோது உனக்கு மூன்று வயது. நல்ல பள்ளிக்கூடம், கடற்கரை என்று எல்லோரிடமும் சொன்னேன்.

ஏன் இவ்வளவு பேசுகிறேன், ஏன் எப்போதும் சிரிக்கவைத்துக்கொண்டே இருக்கிறேன் என்று நீ ஒருமுறை கேட்டாய். பதில் எனக்கும் சரியாகத் தெரியாது. ஒன்று தெரியும்: சிரித்துக்கொண்டிருப்பவனிடம் யாரும் நின்று கேள்வி கேட்பதில்லை.

நேற்று த்ரீ கிங்ஸ் கடையில் குணம் அண்ணை பிடித்துக்கொண்டார். ஈஸ்ட் டாமாக்கி கிடங்கில் லாரியில் சரக்கு ஏற்றிக்கொண்டே உலகச் செய்தி முழுவதும் சொல்லுவாரே, அவர்தான்.

"என்ன காணும், பூனைச் சாப்பாட்டுக்கு முன்னால நிண்டு யோசிக்கிறீர்? உங்கட வீட்டில பூனையே இல்லையே."

"ஒண்ணுமில்லண்ணே, சும்மா."

"நீர் சும்மா நிக்கிற ஆளில்லை. பிள்ளையின்ர விசயமோ?"

"ஆமா, பொண்ணு வெளிநாட்டு வேலைக்கு..."

"ஓம், அது எல்லாருக்கும் தெரியும். எந்த ஊர் எண்டும் சொன்னனீர், எந்த பிளைட் எண்டும் சொன்னனீர். சீட் நம்பர் மட்டும்தான் பாக்கி."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பிறகு மெல்லக் கேட்டேன், ஒருத்தர் ரொம்ப வருஷத்துக்கு முன்னாடி ஒரு தப்பு செஞ்சு, அது பிள்ளைக்குத் தெரியாம இருந்தா என்று.

"அந்த ஒருத்தர் நீர்தானே?"

"இல்லண்ணே, ஒரு ஃப்ரெண்ட்."

"சரி, உம்மட ஃப்ரெண்டிட்டைச் சொல்லும், பிறத்தியார் வாயால கேக்கிறதுக்கு முதல் பிள்ளைக்கு அவரே சொல்லட்டும். என்ன விசயமெண்டு எனக்குச் சொல்ல வேண்டாம். நான் கதைச்சுப் போடுவன், எனக்கு என்னைத் தெரியும்."

பிறத்தியார் வாயால். அந்த வார்த்தைதான் என்னை இங்கே எழுத உட்காரவைத்தது. பெரியவர் இறந்துவிட்டார். உன் அம்மா, நான் சொல்லாமலே புரிந்துகொண்டவள், சொல்லமாட்டாள். மிச்சம் ஒருவர் இருக்கிறார். திருச்சிக்காரருக்கு இப்போது அறுபத்தைந்து வயது இருக்கலாம். நீ அந்த ஊரில் ஏதோ வரவேற்பில் கையில் தட்டோடு நிற்கும்போது, நரைத்த தலையோடு ஒருவர் பக்கத்தில் வந்து, தமிழில், "உங்க அப்பாவ எனக்கு நல்லாத் தெரியும்மா. உங்க காதுகுத்து போட்டோவ பார்த்திருக்கேன். நீங்க அரசாங்கத்துக்கு எழுதிக் கொடுத்ததும் எனக்குத் தெரியும். ரெண்டையும் சேர்த்துப் பார்த்தா நல்லா இருக்காதே. ஒரு சின்ன உதவி..." என்று ஆரம்பிக்கலாம். இனிமையாகத்தான் பேசுவார். நீ எழுதிய அந்த வரி பொய்யாக இருக்கும்வரை, அதை வைத்து உன்னை யார் வேண்டுமானாலும் பிடிக்க முடியும். பூட்டி வைத்த என் தப்புக்குச் சாவி வேறொருவன் கையில் இருக்கிறது. அதை நினைத்தால் உட்கார முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை.

அதனால் அந்த வரியை அடித்துவிடு. அதற்குப் பதில் இதை எழுது: "என் தந்தை ஒரு தூதரின் தட்டச்சாளராக இருந்தபோது, ரகசியமாக நடந்த ஒரு சந்திப்பை வெளியாள் ஒருவரிடம் சொன்னார். அதனால் ஒரு கைதிப் பரிமாற்றம் எட்டு மாதம் தள்ளிப்போனது. இதை அவர் இன்றுவரை யாரிடமும் ஒப்புக்கொள்ளவில்லை. இப்போது என்னிடம் எழுதிக் கொடுத்திருக்கிறார்." செவ்வாய்க்கிழமை அந்த அம்மாளிடம் நானும் இதையேதான் சொல்வேன், கூட்டாமல் குறைக்காமல். அவர்கள் உன்னை அனுப்பாமல் போகலாம். இத்தனை வருடம் நீ உழைத்தது என் வாயால் போகலாம், இரண்டாவது முறையாக. அப்படிப் போனால் என்னோடு பேசாதே, உனக்கு அந்த உரிமை உண்டு. ஆனால் தெரியாமல் கையெழுத்துப் போட்டுவிட்டு அந்த ஊரில் போய் நிற்காதே.

இன்னொன்று. நீ சம்மதித்தால் இந்தக் கடிதத்தை நம் தமிழ்ச் சங்கத்தின் ஆண்டு மலருக்குக் கொடுக்க நினைக்கிறேன். பெயர் எதுவும் இல்லை, யாருக்கும் இனிக் கேடு வரக்கூடாதென்று மூன்று முறை படித்துப் பார்த்துவிட்டேன். எல்லோருக்கும் தெரிந்த விஷயத்தை வைத்து யாரும் உன்னை மிரட்ட முடியாது. உன்னைத் தவிர வேறு யாராவது இதைப் படித்துக்கொண்டிருந்தால், நீ சம்மதித்துவிட்டாய் என்று அர்த்தம். அவர்கள் தாராளமாக நாலு பேரிடம் சொல்லலாம். வாழ்க்கையில் முதல்முறையாக நானே கேட்டுக்கொள்கிறேன்.

உன் அம்மா கராஜ் கதவில் வந்து நிற்கிறாள். "அவ ஃபார்ம எடுத்து மேசைல வெச்சுட்டா. பேனா தேடறா. குடுக்கப் போறீங்களா இல்லையா?" என்கிறாள். கொடுக்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன். இதோ எழுந்துவிட்டேன். பேனா என்னிடம்தான் இருக்கிறது, அம்மாடி. இதைக் கடைசி வரை படித்த பிறகு கேள், தருகிறேன்.

அப்பா